விளையாட வருபவளிடம் முகவரி கேட்பதேன்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

விளையாட்டு குழந்தைகளின் பிறப்புரிமை. பாண்டி ஆட ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். பல்லாங்குழி ஆடச் சில புளியங்கொட்டைகள் போதும். நம் பாட்டிமார் அவற்றைக் கையில் எடுத்தபோது, "உன் பெயர் என்ன? உன் தோழியர் யார் யார்? உன் படத்தைக் காட்டு!" என்று எந்த ஓட்டாஞ்சில்லும் கேட்டதில்லை. இன்றோ விளையாட்டுக் கருவியே வாய் திறந்து கேள்வி கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் விளையாட விட மறுக்கிறது. இது முறைதானா என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஞ்ஞானம் தந்த விளையாட்டுகளை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லர். கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. மாட்டியவுடன் வீட்டுக் கூடம் மறைந்து, ஆழ்கடலோ மலையுச்சியோ கண்முன் விரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்புகிறது. மெய்நிகர்க் கருவி என்று அதைச் சொல்கிறார்கள். அதன் வரலாற்றில் நடந்த ஒரு நிகழ்ச்சியே எங்களைச் சிந்திக்க வைத்தது.

அமெரிக்காவில் பால்மர் லக்கி என்னும் இளைஞர், இருபது வயது நிரம்புமுன்பே அத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்தார். 2012-ஆம் ஆண்டு அவருடைய ஆக்குலஸ் நிறுவனம் இணையத்தின் வழியாகப் பொதுமக்களிடம் ஆதரவு கேட்டது. சுமார் 24 லட்சம் டாலர் திரண்டது. கருவி கடைக்கு வருமுன்பே, நம்பிக்கை ஒன்றை மட்டும் கொண்டு மக்கள் கொடுத்த பணம் அது. 2014 மார்ச் மாதம், முகநூல் என்று நாம் அழைக்கும் பேஸ்புக் நிறுவனம், ஆக்குலஸை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. "இனி முகநூலில் சேர்ந்தால்தான் விளையாடலாம் என்று சொல்லிவிடுவார்களோ?" என்று பலரும் அஞ்சினார்கள். அப்படி நேராது என்று லக்கி வெளிப்படையாகவே உறுதி கூறினார். 2017-இல் அவரும் அந்நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்.

2020 ஆகஸ்டில், அஞ்சியதே நடந்தது. அக்டோபர் முதல் புதிதாகச் சேருவோர் அனைவரும் முகநூல் கணக்கைக் கொண்டே கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஆக்குலஸ் கணக்கு வைத்திருப்போருக்கு 2023 ஜனவரி முதல் நாள் வரைதான் தவணை என்று அறிவிப்பு வந்தது. அதே அக்டோபரில் குவெஸ்ட் 2 என்ற புதிய கருவி 299 டாலர் விலைக்கு வெளிவந்தது. விலையைச் செலுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், முகநூலில் பெயரைப் பதியாதவருக்கு அது வெறும் பெட்டிதான்!

இதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். எங்களுக்குப் புலப்பட்டவற்றைச் சொல்கிறோம்.

அம்மா கடையில் ஒரு தையல் இயந்திரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை எண்ணிக் கொடுத்த பின், "ஊரார் கூடும் மன்றத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள், அப்போதுதான் சக்கரம் சுழலும்" என்று கடைக்காரர் சொன்னால் அம்மா ஒப்புவாரா? மன்றத்தில் சேரக் கட்டணம் இல்லை என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் அங்கே நாம் யார், யாரோடு பழகுகிறோம், எதை விரும்புகிறோம் என்பவை அனைத்தும் குறித்துவைக்கப்படுகின்றன. அக்குறிப்புகளைக் கொண்டுதான் விளம்பர வருமானம் பெருகுகிறது. ஆகவே, வாங்கியவர் இரண்டு முறை விலை கொடுக்கிறார். முதல் விலை பணம், இரண்டாம் விலை அவருடைய விவரம். முதல் விலை பெட்டியின் மேல் அச்சாகியிருக்கிறது. இரண்டாம் விலையின் அளவை யார் அறிவார்?

மேலும், கணக்கு போனால் கருவியும் போயிற்று. குவெஸ்ட் 2 வெளிவந்த நாள்களில், அதற்காகவே முகநூல் கணக்கைத் தொடங்கிய சிலரது கணக்கு உடனே முடக்கப்பட்டது. புத்தம் புதிய கருவி கையில் இருந்தும் அவர்களால் விளையாட முடியவில்லை. முகநூலே வேண்டாம் என்று கணக்கை அழித்தால், அதனுடன் இணைத்துவைத்த, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் அழிந்துபோகும் நிலை இருந்தது. மன்றத்தை விட்டு வெளியேறியவரின் வீட்டுக்கு வந்து தையல் இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் போவது நியாயமாகுமா?

இன்னொன்றைச் சொல்லும்போது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. முகநூலில் சேர 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அது போன்ற வயது விதிகள் பல விளையாட்டுகளுக்கும் தளங்களுக்கும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவின் கைப்பேசியில் ஏதேனும் ஒரு விளையாட்டுக்காகப் பிறந்த ஆண்டை மாற்றி எழுதாதவர் கைதூக்குங்கள் என்று ஒருத்தி கேட்டாள். தூக்கிய கைகள் சிலவே. அன்றைக்கு அது பொய்யாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் செய்வதால் வாசற்படியைத் தாண்டுவது போல எளிதாகத் தாண்டிவிட்டோம். தவறு எங்களுடையதே, மறுக்கவில்லை. ஆயினும், விளையாட்டின் வாசலிலேயே ஒரு கேள்வியை நிறுத்தி, உண்மை சொன்னால் கதவடைப்பும் பொய் சொன்னால் வரவேற்பும் தருகிற ஏற்பாடு சிறுவர்க்கு எதைக் கற்பிக்கிறது?

பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு மற்றுமொரு கவலையும் உண்டு. "முன்பின் தெரியாதவர் பார்க்கும் இடத்தில் படத்தைப் போடாதே, ஊரையும் பள்ளியையும் சொல்லாதே" என்று வீட்டில் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். முகநூலோ அன்றாட வாழ்வில் வழங்கும் உண்மைப் பெயரையே கேட்கிறது. பெற்றோர் சொல்லைக் கேட்கும் பெண் விளையாட முடியாது, கேட்காதவள் விளையாடலாம் என்றாகிவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் பார்ப்பதே நேர்மை. ஒரே கணக்கு இருந்தால் நண்பர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்து விளையாடுவது எளிது என்று நிறுவனம் கூறியது. பெயரை மறைத்துக்கொண்டு வந்து பிறரை இழிவாகப் பேசுவோரைத் தடுக்க அடையாளம் தேவை என்பாரும் உளர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நண்பர்களுடன் ஆட விரும்புவோர் மனமுவந்து சேரட்டும், நாங்கள் தடுக்கவில்லை. தனியே ஒரு புதிரை விடுவிக்க நினைப்பவளையும் ஏன் மன்றத்துக்கு இழுக்க வேண்டும்? விரும்பிச் சேருவது வேறு, வேறு வழியின்றிச் சேருவது வேறு.

இக்கேள்வியைக் கேட்டவர்கள் தோற்றுப்போகவில்லை என்பதே மகிழ்ச்சிக்குரியது. 2020 செப்டம்பரில் ஜெர்மனியில் இக்கருவிகளின் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், வணிகப் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் அந்நாட்டு மத்திய ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. சமூக வலைத்தளத்தில் பெரும்பலம் பெற்ற ஒரு நிறுவனம், அந்தப் பலத்தை வேறொரு பொருளின் மேல் ஏற்றலாமா என்பதே கேள்வி. 2021 அக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, முகநூல் கட்டாயத்தைக் கைவிடுவதாகவும் சொல்லியது. 2022 ஆகஸ்டில் மெட்டா கணக்கு என்ற தனி ஏற்பாடு வந்தது. முகநூலில் சேராமலே கருவியைப் பயன்படுத்த முடிந்தது. அதன் பின்னர் ஜெர்மனியிலும் விற்பனைக்கு வழி திறந்தது.

முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டோம். முகநூல் போனாலும் ஒரு கணக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. 2023-இல், பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கின் மூலம் 10 வயதுச் சிறுவரும் அக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று மெட்டா அறிவித்தது. அதே ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களது விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆக, பொறுப்பு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அன்புப் பெற்றோரே! எங்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கித் தருமுன், விலையை விசாரிப்பதோடு, "இது எதையெல்லாம் கேட்கும்?" என்றும் விசாரியுங்கள். எங்களை அருகில் அமர்த்திக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! கணினி வகுப்பில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். தோழியரே! பிறந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில் உண்மையையே எழுதுவோம். கதவு அடைபட்டால் அடைபடட்டும். நம் ஓட்டாஞ்சில்லு இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது.

பெயரும் முகமும் நம்முடையவை. கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதற்கு அவை சில்லறைக் காசுகள் அல்ல. காசு கொடுத்து வாங்கியவள் யாரென்று சொல்லாமலும் விளையாடக்கூடிய நாள் வரட்டும்!