இரக்கமும் பொறுப்பும்

வாயில்லா உயிர்களிடத்தில் இரக்கம் கொள்ளுதல் எளிது. அவ்விரக்கத்தை நாள்தோறும் செயலாக்குதல் அரிது. வேங்கிக்காலை அடுத்த திருவண்ணாமலையில், மலையடிவாரத்தில் அமைந்த இரமணாசிரமத்தில், 1948ஆம் ஆண்டில் இறந்த இலட்சுமி என்னும் பசுவுக்கும், மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் உள்ளன. வாழ்ந்த காலத்தில் அன்போடு பேணப்பட்டமையால் அவை இன்றும் நினைக்கப்படுகின்றன.

கைவிடப்பட்டு, பின்கால்கள் செயலற்ற நிலையில் மீட்கப்பட்ட வளர்ப்பு முயல் ஒன்றைக் கண்டால் எவர் நெஞ்சும் இளகும். ஆயினும், அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமுன் சிலவற்றை அறிதல் வேண்டும். நன்கு பேணினால் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. உலர்ந்த புல்லை ஓயாது மென்றால்தான் அவை தேயும். நோயை மறைப்பது அதன் இயல்பு; அரைநாள் உண்ணாதிருந்தாலும் உயிருக்கு இடர் நேரலாம். நகர இயலாத முயலை நாள்தோறும் துடைத்து, படுக்கையை மாற்றாவிடில் புண் உண்டாகும்.

ஊனமுற்ற உயிரை வளர்ப்பதால் என்ன பயன் என்பர் சிலர். பயன் கருதிப் பேணுதல் வாணிகம், அன்பு அன்று. ஆனால், சில நாள் கொஞ்சிய பின் சலிப்புற்றுத் தெருவில் விடுவோர் அதனை மீண்டும் அனாதையாக்குகின்றனர். பசியால் துன்புறுமாறு விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். இயலாதவர், மீட்டோருக்குப் பொருளாலும் உழைப்பாலும் உதவலாம், அதுவும் அறமே. இயன்றவர் ஏற்கலாம், ஏற்றபின் இறுதிவரை காத்தல் அவர் கடமை.