'சும்மா இருக்கிற நேரம்'

'செலவே இல்லாத கைத்தொழில்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தச் செலவை வேறு யாரோ சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் ஒரு பெண்.

கயிற்று மேட் பார்த்திருப்பீர்கள். துணி காயப்போடக் கொடி கட்டுவோமே, அந்த மாதிரி வெள்ளைப் பருத்திக் கயிறு. அதன்மேல் பழைய காட்டன் சேலையை நாடா நாடாகக் கிழித்துச் சுற்ற வேண்டும். சுற்றிய கயிற்றை முறுக்கு பிழிகிற மாதிரி வட்டமாக வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் பக்கத்துச் சுற்றோடு சேர்த்து மெஷினில் தைக்க வேண்டும். சின்னதாக நிறுத்தினால் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அடியில் போடும் மேட். விடாமல் தொடர்ந்தால் தரை விரிப்பு. பார்க்க அழகு. துவைத்துக் காயப்போடலாம். நன்றாக உழைக்கும். பொருளைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

என் சண்டையெல்லாம் அதற்குப் போடப்படும் கணக்கோடுதான்.

"வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்யலாம் மேடம். பழைய துணிதானே, கயிறு மட்டும் வாங்கினா போதும். மிச்சமெல்லாம் லாபம்!" ஒருநாள் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் வசனம் இது.

மிச்சமெல்லாம் லாபமா? நோட்டை எடுங்கள்.

ஒரு அடி விட்டமுள்ள மேட். துணி சுற்றிய கயிறு 8 மில்லிமீட்டர் கனம் என்றால், அதற்கு 9 மீட்டர் கயிறு வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் வட்டத்தின் பரப்பளவைக் கயிற்றின் கனத்தால் வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். ஆறு பேர் மேஜைக்கு ஒரு செட் என்றால் 55 மீட்டர். மூன்றடி விட்டத்தில் ஒரு விரிப்பு? விட்டம் மூன்று மடங்குதான், வேலை ஒன்பது மடங்கு. 80 மீட்டருக்கு மேல் கயிறு. அத்தனைக்கும் கையால் துணி சுற்ற வேண்டும். அத்தனையும் ஊசிக்கு அடியில் போய் வர வேண்டும்.

அதுவும் எந்த மெஷினில்? பாட்டி காலத்திலிருந்து வீட்டு மூலையில் நிற்கும் கறுப்பு மெஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். இதற்கு ஊசி இடமும் வலமும் போய் இரண்டு சுற்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஜிக்ஜாக் தையல் வேண்டும். தெருமுனையில் 'ஃபால்ஸ், பீக்கோ அடித்துத் தரப்படும்' என்று போர்டு தொங்குகிறதே, அவர்களிடம் இருக்கும். மற்றவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். மெல்லிய ஊசி உடைந்து போகும், ஜீன்ஸ் தைக்கிற 16-ம் நம்பர் ஊசி வேண்டும். விரிப்பு பெரிதாகப் பெரிதாக, அந்தக் கனத்தைக் கையால் தாங்கித் தாங்கிச் சுழற்ற வேண்டும். தோள்பட்டை வலியைப் பற்றி எந்தச் செய்முறைக் குறிப்பிலும் ஒரு வரி வருவதில்லை.

இப்போது ரூபாய்க்கு வருவோம். விலையெல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அடி மேட்டுக்குக் கயிறு, மீட்டர் 6 ரூபாய் வீதம் 54. நூல், ஊசி, கரண்ட் 10. ஆக 64. மேட்டை 100 ரூபாய்க்கு விற்கிறார். "பார்த்தீங்களா, 36 ரூபாய் லாபம்!" கிழிக்க, சுற்ற, தைக்க இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். அதாவது மணிக்கு 18 ரூபாய். ஒரு டீ குடிக்கலாம். இரண்டாவது டீக்குக் கடன் சொல்ல வேண்டும்.

பி.காம். படித்தவர்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பது பிரைம் காஸ்ட். மூலப்பொருளோடு நேரடிக் கூலியையும் சேர்க்க வேண்டும். கூலியை விட்டுவிட்டுக் கணக்கை முடித்தால் எந்த வாத்தியாரும் மார்க் போடமாட்டார். மணிக்கு வெறும் 60 ரூபாய் கூலி வைத்தாலும் அந்த மேட்டின் அடக்கவிலை 184. நூறு ரூபாய்க்கு விற்றால் லாபம் 36 அல்ல, நஷ்டம் 84. அந்தப் பழைய சேலையும் ஓசி அல்ல. 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவரைக் கேளுங்கள், அதற்கு எவ்வளவு பெரிய கிண்ணம் தரலாம் என்று கணக்காகச் சொல்வார்.

அடுத்து, அந்தச் 'சும்மா இருக்கிற நேரம்'. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள், 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்துவிட்டு வந்து கயிறு சுற்றுகிறவரைத்தான் 'சும்மா' என்கிறோம். 88 நிமிடக்காரர் சோபாவில் சாய்ந்தால் அதற்குப் பெயர் ஓய்வு. 289 நிமிடக்காரர் உட்கார்ந்தால் மட்டும் அது வீணாகப் போகிற நேரம். உடனே கையில் ஊசியைக் கொடுத்துவிடுகிறோம்.

"அவங்க ஆசைக்குச் செய்யறாங்க ஸார், பொழுதுபோக்கு" என்பீர்கள். ரொம்ப சரி. ஆசைக்குச் செய்ததை மகளுக்குக் கொடுக்கட்டும், தன் வீட்டுக் கூடத்தில் போட்டு அழகு பார்க்கட்டும். அதற்குப் போய் மணிக்கணக்கு பார்ப்பவன் முட்டாள். ஆனால், விலைச்சீட்டு ஒட்டிய நிமிடமே அது தொழில். தொழில் என்றால் கூலி உண்டு.

"பிளாட்பாரத்துல பாலியஸ்டர் கால்மிதி நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே?" கிடைக்கிறது. தாராளமாக வாங்குங்கள், தப்பே இல்லை. அந்த விலைக்கு இதைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். கண்காட்சியில் சுய உதவிக் குழு ஸ்டாலுக்கு முன்னால் நின்று, "இதுக்குப் போய் இருநூறா? பழைய துணிதானே!" என்று அடித்துப் பேசுகிற அதே நாம்தான், ஏ.சி. ஷோரூமில் அச்சடித்த விலையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுகிறோம். அங்கே பேரம் பேசினால் கௌரவக் குறைச்சல். நம் பேரம் பேசும் வீரமெல்லாம் எதிரில் நிற்பவர் எளியவராக இருந்தால்தான் வெளியே வருகிறது.

செய்து விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நோட்டில் கயிறுக்கு ஒரு வரி எழுதுகிறீர்கள், நூலுக்கு ஒரு வரி எழுதுகிறீர்கள். மூன்றாவதாக 'என் கூலி' என்று ஒரு வரி எழுதுங்கள். குத்துமதிப்பாக வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகு விலை வையுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லையா? இந்த வியாபாரம் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். இன்னும் மலிவாக விற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதே மெஷினில் நாலு சேலைக்குப் பீக்கோ அடித்தால் கூடுதலாகக் கிடைக்கலாம். கணக்குப் போட்டால்தானே தெரியும்?

வாங்குகிற நமக்கும் ஒன்று. அடுத்த தடவை "கடைசி விலை என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆச்சும்மா?" என்று கேளுங்கள். வருகிற பதிலை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தால் பெருக்கிப் பாருங்கள்.

அப்புறமும் பேரம் பேச மனசு வந்தால், பேசுங்கள்.