தங்கமா? தண்ணீரா?

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்துக்கு, அதை ஆண்ட வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர் "பொற்கரை" என்பதாகும். 1957-ல் அந்நாடு விடுதலை பெற்றுப் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆனால் பொற்கொள்ளை மாத்திரம் ஓய்ந்தபாடில்லை. சட்ட விரோதமாகத் தங்கம் தோண்டுவதை அங்கு "கலம்சே" என்கிறார்கள். அதனால் பிரா, ஆங்கோப்ரா, ஓஃபின் முதலிய ஆறுகள் சேறாக ஓடுகின்றன.

பிரா ஆற்று நீரைச் சுத்தம் செய்து கேப் கோஸ்ட் முதலிய ஊர்களுக்கு அனுப்பும் நிலையமொன்று இருக்கிறது. கலங்கல் 2,000 அலகுக்குள் இருந்தால்தான் அது சரிவர வேலை செய்யும். 2024 ஆகஸ்டில் வந்த தண்ணீரிலோ சராசரி 14,000 அலகு என்று குடிநீர் இலாகாவே அறிவித்தது.

சேற்றைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத விஷம். பொன்தூளைத் திரட்டப் பாதரசத்தைக் கலந்து, பிறகு அந்தக் கட்டியைத் தீயில் காய்ச்சுகிறார்கள். பாதரசம் ஆவியாய்ப் போய்த் தங்கம் மிஞ்சுகிறது. போன பாதரசம் எங்கே? காய்ச்சுகிறவன் நுரையீரலில், பிறகு ஆற்றில், மீனில், மீனைத் தின்னும் தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளையில்!

அக்கான் மக்களில் பலர் ஆறுகளைத் தெய்வமென்று பூசித்தவர்கள். அத்தெய்வங்கள் மண்வாரி யந்திரம் ஒன்றையாவது நிறுத்தினவா என்று கேட்கின்றோம். தன்னையே காத்துக்கொள்ளாத தெய்வம் ஊரை எப்படிக் காக்கும்?

சர்க்கார் மாத்திரம் என்ன செய்துவிட்டது? 2017-ல் சிறு சுரங்கங்களைத் தடை செய்து பட்டாளத்தையும் அனுப்பிப் பார்த்தது. ஆறு தெளியவில்லை. ஏனெனில், பிடிபடுகிறவன் பெரும்பாலும் வேறு பிழைப்பில்லாமல் குழியில் இறங்கிய கூலிக்காரன். யந்திரத்துக்கு முதல் போட்டவனும், தங்கத்தை வாங்கிக் கைமாற்றும் தரகனும் சுகமாகவே இருக்கிறார்கள். கூலியை உதைத்து முதலாளியை விடுவது சட்டமாகுமா?

"எங்கோ நடப்பது, நமக்கென்ன?" என்பீர்களானால், கானாவின் தங்கம் வந்து சேரும் தேசங்களில் இந்தியாவும் ஒன்று என்பதை அறியவேண்டும். உலையில் உருகியபின் திருட்டுத் தங்கத்துக்கும் நேர்மைத் தங்கத்துக்கும் அடையாளம் ஏது? ஆகவே, எந்தக் குழியிலிருந்து வந்ததென்று ருஜுவில்லாத தங்கத்தை வியாபாரிகள் வாங்கக்கூடாதென்று சட்டம் வரவேண்டும். கூலிக்காரனுக்கு வேறு ஜீவனமும் காட்டவேண்டும். நகை வாங்கப் போகும் தோழர்களும், "இது எங்கிருந்து வந்தது?" என்று கடைக்காரரை வாய்திறந்து கேட்கவேண்டும்.

தங்கமில்லாமல் செத்தவன் ஒருவனுமில்லை. தண்ணீரில்லாமல் பிழைத்தவனும் ஒருவனுமில்லை.