மெல்லச் செல்லும் வட சாலை

கனடாவின் டாசன் கிரீக் என்னும் சிற்றூரில் தொடங்கி, யூக்கான் வழியாக அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் நீளுகிறது அலாஸ்கா நெடுஞ்சாலை. விரைந்து ஓட்டுவோர் அதைச் சில நாள்களிலேயே கடந்துவிடுவர். கூடாரத்தையும் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு, இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தங்கித் தங்கிச் செல்வோரும் உண்டு. மரத்தையும் மலையையும் பார்க்க இத்தனை நாளா என்று கேட்பார் சிலர். மெல்லச் செல்பவர்களே அச்சாலையை உள்ளபடி காண்கிறார்கள் என்பது நம் கருத்து.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் விளக்கில்லாமல் புத்தகம் படிக்கலாம். கரடிகள் நடமாடும் காடாதலால் உணவுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. சோப்பும் பற்பசையும்கூட வாசனையால் கரடியை அழைக்குமாம். அவற்றையும் காரில் வைத்துப் பூட்ட வேண்டும். (பற்பசைக்குப் பூட்டா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே அது சிரிப்பான காரியமன்று!) லியார்ட் ஆற்றங்கரைக் காட்டில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பலகைப் பாதையில் நடந்து சென்று, ஆவி பறக்கும் நீரில் இறங்கினால், படைத்தவரின் கருணையை எண்ணாமல் இருக்க முடியுமா?

இத்தனை அமைதியான சாலை பிறந்ததோ பெரும் அவசரத்தில். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், அலாஸ்காவுக்குத் தரைவழி தேவை என்று அமெரிக்கா முடிவு செய்தது. 1942 மார்ச்சில் தொடங்கிய வேலை அக்டோபரில் முடிந்தது. உழைத்த 10,000க்கும் மேற்பட்ட படைவீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின வீரர்; தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். ஆளில்லாக் காடு என்று எண்ணி அதை வெட்டினார்கள். அங்கே கஸ்கா, டிலிங்கிட் முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். வெளியார் வரவோடு டெஸ்லின் ஊருக்குள் தட்டம்மையும் வேறு நோய்களும் புகுந்தன. குளுவானே பகுதியில் வனவிலங்குக் காப்பகம் ஏற்பட்டபோது, அந்நிலத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்கும் வேட்டை தடைசெய்யப்பட்டது.

வாட்சன் லேக் ஊருக்குச் சற்று முன்னால் லோயர் போஸ்ட் வருகிறது. பலர் அங்கு நிற்பதில்லை. வாட்சன் லேக்கில் உலகத்து ஊர்ப் பெயர்ப்பலகைகளெல்லாம் காடுபோல் நிற்கும் இடத்தில் படம் எடுக்கவே ஓடுகிறார்கள். லோயர் போஸ்டில் 1951 முதல் 1975 வரை, அரசின் திட்டப்படி நம் திருச்சபையினர் நடத்திய விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தார்கள். இத்தகைய பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்கும் தண்டனை கிடைத்தது. அதைவிடக் கொடியவையும் நடந்தன. அக்கட்டடம் 2021-இல் இடிக்கப்பட்டது. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்கே சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கன்னியர் நடத்தும் பள்ளியில், தாய்மொழியிலேயே செபித்தும் பாடியும் வளரும் நமக்கு இச்செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று நமக்குள் தயக்கமும் எழுந்தது. திருத்தந்தையே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

லோயர் போஸ்ட் வேடிக்கை பார்க்கும் இடமன்று. ஆனால் அதைக் கடக்கும்போதாவது காரின் வேகம் குறையட்டும், பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லட்டும். பிறகு டெஸ்லினில் ஒரு நாள் கூடாரம் அடிக்கட்டும். அங்கே ஏரிக்கரையில் டிலிங்கிட் மக்கள் தாமே நடத்தும் மரபு நிலையம் இருக்கிறது. ஐந்து குலங்களுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து மரத்தூண்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதாது.