பான்கரில் பேயைத் தேடுகிறவர்கள்

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் ஆரவல்லி மலையடிவாரத்தில் இருக்கிறது பான்கர் கோட்டை. அங்கே போகிறவர்கள் தவறாமல் படம் பிடிப்பது, இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையைத்தான். சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் உள்ளே நுழையத் தடை என்கிறது அது. 'பேய் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று யூடியூபில் அந்தப் படம் சுற்றுகிறது.

பலகையில் பேய் என்ற பேச்சே இல்லை. தொல்லியல் துறையின் பெரும்பாலான நினைவுச்சின்னங்களுக்கு இதே நேரக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்திலேயே சரிஸ்கா புலிகள் காப்பகம். இருட்டியபின் சிறுத்தை உலவும் காடு.

பேய் நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பான்கர் இளவரசி ரத்னாவதி மீது ஆசைப்பட்ட சிங்கியா என்ற மந்திரவாதி, அவளுக்குப் போகும் வாசனைத் தைலத்தில் வசியம் வைத்தானாம். சூது புரிந்த இளவரசி அதைப் பாறைமேல் கொட்ட, பாறை உருண்டு அவனையே நசுக்கியதாம். சாகும்போது அவன் விட்ட சாபத்தில் ஊர் அழிந்ததாம். அருமையான கதை. அதைத் தலைமுறைகளாகச் சொல்லிவரும் ஊர்க்காரர்கள் இனியும் சொல்லட்டும்.

ஆனால் அந்தச் சாபம் ஒரு பஞ்சத்தை மறைத்துவிட்டது. ஆமேர் அரசர் பகவந்த் தாஸ் 1573-இல் இளைய மகன் மாதோ சிங்குக்காக எழுப்பிய ஊர் இது. அக்பரின் தளபதி மான்சிங்கின் தம்பிதான் மாதோ சிங். கோபிநாதர், சோமேசுவரர் கோயில்களும் இருபுறமும் வரிசையாக நீளும் கடைவீதியின் இடிபாடுகளும் அன்றைய நடமாட்டத்தைக் காட்டுகின்றன. 1783-இல் வட இந்தியாவை வாட்டிய சாலிசா பஞ்சம், ஏற்கெனவே தேய்ந்துவந்த ஊரில் எஞ்சியிருந்தவர்களையும் குறைத்தது. அதிலும் அதையொட்டித் தென்னிந்தியாவில் நேர்ந்த பஞ்சத்திலுமாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. இத்தனை சாவையும் ஒரு மந்திரவாதியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

தனுஷ்கோடியிலும் இதுதான் நடக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. அதன்பின் ஊரை வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று 'ஆவிகளின் ஊர்' என்று வீடியோ எடுக்கிறார்கள். அதே மணலில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன, வலை இழுக்கின்றன, சங்கும் சிப்பியும் விற்கின்றன.

பான்கர் கடைவீதியில் சிங்கியாவின் கதையைச் சொல்லும் வழிகாட்டி, கூடவே 1783-ஐயும் சொல்ல வேண்டும். தொல்லியல் துறை அவருக்கு அதைக் கற்றுத்தர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகள் ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போய், அந்தப் புயலைக் கண்ட பெரியவர்களின் வாயால் கேட்கச் செய்யட்டும். அன்று சிறுவர்களாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.