மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் புறப்படுவோருக்கு ஒரு வேண்டுகோள்

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தாம்பரம் – ராமேசுவரம் ரயிலும் அன்றுதான் ஓடத் தொடங்கியது. பவளத் தீவுகளைக் காண அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போக வேண்டும் என்று பணம் சேர்த்துவந்த பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர்க் குடும்பங்களுக்கு மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள் இப்போது ஓர் இரவுப் பயணத் தூரத்தில் இருக்கின்றன. கடலடியைக் காண்பதில் ஆர்வம் கொண்ட தென்சென்னைப் புறநகர்வாசிகளான எங்களுக்கு இதில் மகிழ்ச்சியே. போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அனுமதி பெற்ற படகில் மட்டும் போங்கள், ஆளில்லாத தீவில் இறக்கிவிடுவதாகக் கூப்பிடுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்றே கேட்கிறோம்.

காரணம் அந்தத் தீவுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இன்று தண்ணீருக்கு மேல் நிற்பவை 19. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே இதற்கு முக்கியக் காரணம். அலையின் வேகத்தைத் தடுத்து, மணலைப் பிடித்துவைத்திருந்தது அந்தப் பாறைதான். அது போனதும் தீவும் கரைந்தது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அதே கதியை நெருங்கியதால், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மூளைப் பவளம் போன்ற கெட்டியான வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நங்கூரம் ஒருமுறை இழுத்தால் உடைவது ஒரு தலைமுறையின் வளர்ச்சி. போதாததற்கு, கடல் சூடேறி 2010-இலும் 2016-இலும் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தமக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசிகளை இழந்து பட்டினி கிடக்கும் உயிரின் மேல் நாம் துடுப்புக் காலணியோடு நிற்கலாமா?

விசைப்படகுகளின் இழுவலையும் தொழிற்சாலைக் கழிவும் செய்யும் கேட்டின் முன்னால், நான்கு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு நீந்துவதா பெரிது என்று கேட்பார்கள். அந்தக் கேடுகள் பெரியவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நால்வர் நால்வராக வந்தவர்கள்தான் தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்காகப் பெருகினார்கள். அங்கே பவளம் அழிந்து, 2018-இல் விரிகுடாவையே மூடினார்கள். 2022-இல் திறந்தபோது படகுகளை உள்ளே விடவில்லை. கட்டுப்பாடு முன்னதாக வந்திருந்தால் அந்த மூடல் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. பரம்பரையாகத் தீவுகளைப் பயன்படுத்திய மீனவரைத் தடுத்துவிட்டு, சுற்றுலாப் பயணிக்கு மட்டும் வழிவிடுவது நியாயமா? நியாயமில்லை என்றே நினைக்கிறோம். தீவோரம் மூழ்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பகுதிப் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலை நம்பியிருப்பவர்களே அவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது, பொழுதுபோக்குக்காகப் போகும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். நம் பணம் அவர்கள் ஊருக்கே போகவேண்டும் என்பதும் அதனால்தான்.

குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. தொண்டி அருகே காரங்காட்டில் ஊர்மக்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப்போகிறார்கள். பயணத்தைத் திட்டமிடும் முன் வனத்துறையிடம் விசாரியுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசாமல் முழுக்கைச் சட்டை அணியுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவை உடுப்போடு படகிலேயே இருங்கள். எதையும் தொடாதீர்கள், செத்த பவளத்துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அடுத்த விடுமுறைக்கு உங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு குழு கிளம்பினால், இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.