புது காரை 40-லேயே உருட்டாதீர்கள்!

பி.ஒய். 02 என்று தொடங்கும் புத்தம் புது நம்பர் பிளேட். முகப்பில் மாலை, சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. காரைக்காலில் ஒரு வீட்டுக்குக் கார் வந்துவிட்டால் முதல் சில பயணங்கள் எங்கே என்று யாரும் கேட்கவே வேண்டாம். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி. மதம் பார்க்காமல் மூன்றுக்கும் போய்வருகிறவர்கள் இங்கே நிறைய.

அந்தப் பயணத்தில் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கட்டாயம் கேட்கும். "தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே. எஞ்சின் போயிடும்!"

"இல்ல தாத்தா, ஆரம்பத்துலயே நல்லா மிதிச்சு ஓட்டினாத்தான் எஞ்சின் ஃப்ரீ ஆகுமாம்" என்பான் பேரன்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யார் சொல்வதையும் அப்படியே கேட்டுவிடக் கூடாது. கடனும் சேமிப்பும் போட்டு வாங்கிய கார், பத்துப் பதினைந்து வருடம் உழைக்க வேண்டியது. அதன் முதல் 1000 கிலோமீட்டரை எப்படி ஓட்டுவது என்று இந்த வாரம் பார்ப்போம்.

தாத்தா சொன்னதற்குக் காரணம் உண்டு

அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் எஞ்சின் பாகங்களை இன்றைய அளவு நுணுக்கமாகக் கடைய முடியவில்லை. ஆயிலும் இன்றைய தரம் கிடையாது. புது எஞ்சினை வேகமாக ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து நிஜமாகவே இருந்தது. அதனால்தான் 'ரன்னிங் இன்' என்று பின் கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாக உருட்டினார்கள்.

இன்று அந்த வேலையில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் உங்கள் வலது காலில் இருக்கிறது.

புது கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்

புது கிரைண்டர் வாங்கினால் அன்றைக்கே இட்லிக்கு அரைப்போமா? முதலில் தவிடோ பழைய அரிசியோ போட்டு ஓட்டி, கல்தூள் கலந்த அந்த மாவைக் கொட்டிவிடுவோம். குழவியும் கல்லும் ஒன்றோடு ஒன்று படிந்த பிறகுதான் சமையலுக்கு.

எஞ்சினிலும் இதுதான் கதை. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்காது. அம்மி கொத்துவதுபோல, குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றி வளையல்போல ரிங்குகள் இருக்கும். மேலே எரிகிற வாயு கீழே கசியாமலும், கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறாமலும் காப்பது அந்த ரிங்குகள்தான். முதல் சில நூறு கிலோமீட்டரில் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று தேய்ந்து படிய வேண்டும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம். எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளும் அழுத்தம்தான் அதிகம். அதாவது, எஞ்சின் ஓரளவு வேலை செய்தால்தான் ரிங் படியும். பூப்போல மிதித்து 40-லேயே உருட்டினால் அந்த அழுத்தம் போதாது. சுவரில் இருக்கும் ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷ் பூசியதுபோல் மெழுகிவிடும். அதன்பின் ரிங் சரியாகப் படிவது கடினம். சில வருடம் கழித்து "கார் ஆயில் குடிக்குது, நீலப் புகை வருது" என்று மெக்கானிக்கிடம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கம், முதல் நாளே முழு மிதி மிதித்தால்? இன்னும் படியாத பாகங்கள் சில இடங்களில் மட்டும் அதிகமாக உரசிச் சூடேறும். சுவரில் ஆழமான கோடு விழலாம். அதைப் பிறகு சரிசெய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆக, ரொம்ப மெதுவும் ஆகாது, ரொம்ப வேகமும் ஆகாது. மிதமாக, ஆனால் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இதுதான் சூத்திரம்.

நம் ஊரில் இருக்கும் சிக்கல்

காரைக்கால் மாவட்டமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கடற்கரைக்கு என்று போகும் பயணமெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் எஞ்சின் ஆயில் சரியான சூட்டுக்கே வந்திருக்காது. டெல்டா பூமி என்பதால் தரையும் தட்டை. மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலங்கள்தான். மலைப்பாதையில் எஞ்சினுக்குத் தானாகக் கிடைக்கும் வேலையை இங்கே நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், புதுச்சேரிக்கு ஏதாவது வேலை வந்தால் 130 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் தாண்டிப் போகும் நெடுஞ்சாலையில் 80-ஐப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் போவதும் புது எஞ்சினுக்கு நல்லதல்ல. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்று பல கார் நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தாலும் முதல் 1000 கிலோமீட்டருக்கு அதைத் தொட வேண்டாம்.

புது எஞ்சினுக்கு ஏற்ற பாதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் பக்கம் போகும் சாலை. ஊர் வந்தால் வேகம் குறையும், வயல்வெளி வந்தால் கூடும், வளைவில் கியர் மாறும். வாரத்துக்கு ஒரு முறை இப்படி முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சினுக்குத் தேவையான பயிற்சி தானாகக் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியவை

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து உறும விட வேண்டாம். அரை நிமிடம் போதும். எஞ்சின் சூடேறும் வரை மெதுவாக ஓட்டுங்கள்.

* பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஆர்.பி.எம்.முக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் என்றால் 3000-ஐத் தாண்ட வேண்டாம். உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள்.

* எஞ்சின் சூடான பிறகு, சாலை காலியாக இருக்கும்போது, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40-லிருந்து 70 வரை பாதி மிதியில் சீராக ஏற்றுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வேகம் இறங்க விடுங்கள். ஏறும்போது ரிங் சுவரில் அழுந்தும். இறங்கும்போது ஆயில் அதைக் குளிர்விக்கும்.

* மைலேஜுக்கு ஆசைப்பட்டு ஐந்தாவது கியரில் 40-ல் போகாதீர்கள். எஞ்சின் திணறும். அதைவிட ஒரு கியர் குறைப்பது நல்லது.

* ஏழு பேரையும் சீர்வரிசைப் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. போடத் தடையில்லை.

* முதல் 300 கிலோமீட்டர் வரை பிரேக்கும் டயரும்கூடப் புதுசுதான். பிரேக் பேடும் டிஸ்க்கும் படிய வேண்டும், டயரின் மேல் வழவழப்பு தேய வேண்டும். அதுவரை முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்கு எஞ்சின் கவலை இல்லை. ஆனால் இந்த பிரேக், டயர் விஷயம் அவர்களுக்கும் உண்டு.

ஆயில் குச்சியைப் பார்க்கப் பழகுங்கள்

இன்று பலர் பானெட்டைத் திறப்பதே இல்லை. புது காருக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் சரி. செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதியும் கிலோமீட்டரும் அதோடு இருக்கட்டும்.

புது எஞ்சின் தொடக்கத்தில் கொஞ்சம் ஆயில் எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் முதல் 1000 கிலோமீட்டருக்குள் கீழ்க்குறிக்கு இறங்கிவிட்டால் சும்மா விடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வாரண்டி என்று வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

முதல் இலவச சர்வீஸ் பல கார்களுக்கு 1000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முதலில் வருகிறதோ அது. "அதிகம் ஓடவே இல்லையே" என்று தள்ளிப் போடாதீர்கள். அப்போது ஆயில் மாற்றவில்லை என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவும் வேண்டாம். பல நிறுவனங்கள் முதல் சர்வீஸில் சோதனை மட்டும்தான் செய்கின்றன. கையேட்டில் எப்போது மாற்றச் சொல்லியிருக்கிறதோ அப்போது மாற்றினால் போதும்.

கடைசியாக ஒன்று

நெடுஞ்சாலையில் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்போது, "எஞ்சின் படியட்டும்" என்று 40-ல் நடுவழியில் போகாதீர்கள். இடதுபக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஓவர்டேக் செய்யும்போது நடுவில் அவசரம் வந்தால் யோசிக்காமல் முழுசாக மிதியுங்கள். சில நொடி மிதித்ததால் எந்த எஞ்சினும் கெட்டுவிடாது. எஞ்சின் கெட்டால் செய்துகொள்ளலாம். காருக்குள் இருப்பது உங்கள் குடும்பம்.

அடுத்த வாரம்: கடற்காற்றில் காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி?